கர்னல் பெடோமும் மண்ணுக்குள் வாழும் பாம்புகளும்

பாலக்காட்டுக் கணவாய் வழியே இரயிலில் சென்ற மாணவர்கள் நம்மில் பலர் உண்டு. வடக்கே நீலகிரித் தொடர் நிற்கும். தெற்கே ஆனைமலைத் தொடர் எழும். இடையே முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு நிலம் தாழ்ந்து கிடக்கும். காற்றும் மழையும் இவ்வழியே வந்தன. வணிகரும் படைகளும் இவ்வழியே சென்றனர். எல்லாருக்கும் வாயிலாக இருந்த இந்தக் கணவாய், சாண் அளவும் முழம் அளவும் உள்ள சில பாம்புகளுக்கு மட்டும் கடக்க முடியாத அகழியாக இருந்துவருகிறது. நீலகிரியில் வாழும் சில இனங்கள் ஆனைமலையில் இல்லை; ஆனைமலையில் வாழும் சில இனங்கள் நீலகிரியில் இல்லை. மலையின் குளிர்ந்த ஈர மண்ணை விட்டு இறங்கினால் அவற்றால் மூச்சு விட்டு, இரை தின்று, உயிர் வாழ முடிவதில்லை.

அச்சிறு உயிர்களை மண்ணிலிருந்து எடுத்து, ஒன்றை மற்றொன்றினின்று பிரித்தறிந்து, அவற்றுள் பெரும்பகுதிக்குப் பெயரிட்டவர் ஒரு படைவீரர். அவர் பெயர் ரிச்சர்டு ஹென்றி பெடோம். அவருடைய வாழ்க்கையையும், அவர் தொடங்கி வைத்த ஆராய்ச்சி இன்று எங்கே வந்து நிற்கிறது என்பதையும் இங்கே சுருக்கமாகக் காண்போம்.

சட்டத்தை விட்டு வந்தவர்

பெடோம் 1830-ஆம் ஆண்டு மே 11-ஆம் நாள் இலண்டன் மாநகரைச் சார்ந்த கிளாப்பம் என்னும் பகுதியில் பிறந்தார். தந்தையார் ஒரு சட்ட வல்லுநர். மூத்த மகனும் அத்தொழிலையே மேற்கொள்ள வேண்டும் என்பது குடும்பத்தாரின் விருப்பம். சார்ட்டர்ஹவுஸ் என்னும் புகழ்பெற்ற பள்ளியில் பயின்ற பிறகு, சட்டப் பயிற்சியிலும் சேர்த்தார்கள். இளைஞரின் மனம் அதில் ஒட்டவில்லை. 1848-இல், பதினெட்டாம் வயதில், கிழக்கிந்தியக் கும்பெனியின் படையில் பயிற்சி வீரராகச் சேர்ந்து இந்தியாவுக்குக் கப்பலேறினார்.

சென்னைக் காலாட்படையின் 42-ஆம் பிரிவில் அமர்த்தப்பட்டு, ஜபல்பூரில் பணியாற்றினார். 1856-இல் அப்படைப் பிரிவின் பண்டகப் பொறுப்பும் மொழிபெயர்ப்பாளர் பொறுப்பும் அவருக்குக் கிடைத்தன. ஓய்வு நேரங்களில் செடி கொடிகளையும் உயிரினங்களையும் திரட்டும் பழக்கம் அவரிடம் வேரூன்றியிருந்தது. அப்பழக்கமே பிறகு வாழ்க்கைத் தொழிலாயிற்று.

அக்காலத்தில் சென்னை மாகாணத்தின் காடுகள் கேட்பாரற்று வெட்டப்பட்டு வந்தன. கப்பல் கட்டத் தேக்கு வேண்டும். இருப்புப்பாதைக்குக் கட்டைகள் வேண்டும். எந்திரங்களுக்கு விறகு வேண்டும். இப்படியே போனால் மரமே மிஞ்சாது என்று கண்ட அரசினர், 1856-இல் டாக்டர் ஹியூ கிளெகார்ன் என்பவரைத் தலைவராகக் கொண்டு காட்டுத்துறை ஒன்றை நிறுவினர். கிளெகார்ன் மருத்துவர், தாவர நூல் அறிஞர். தமக்குத் துணையாக அவர் தேர்ந்தெடுத்தவர்களுள் பெடோமும் ஒருவர். 1857-இல் இது நடந்தது. வடநாட்டில் பெரும் கிளர்ச்சி எழுந்த அதே ஆண்டில், இவ்வீரர் துப்பாக்கியை விட்டுத் தாவரப் பெட்டியைக் கையில் எடுத்தார்.

1860-இல் கிளெகார்னுக்குப் பின் காட்டுத்துறையின் தலைமைப் பொறுப்பு அவரிடம் வந்தது. 1882-இல் ஓய்வு பெறும்வரை, இருபத்திரண்டு ஆண்டுகள், அப்பொறுப்பிலேயே இருந்தார். சென்னைப் பல்கலைக்கழகம் 1880-இல் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது.

ஆனைமலையின் அழைப்பு

அன்று பாலக்காடு, சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. பறம்பிக்குளம் கொச்சி அரசரின் ஆட்சியில் இருந்தது. மூணாறும் மறையூரும் திருவிதாங்கூரைச் சார்ந்தவை. ஆனைமலையின் கிழக்குச் சரிவு கோவை மாவட்டம். 1956-இல் கேரள மாநிலம் உருவானபோது கோடுகள் மாறின. பாலக்காடும் இடுக்கியும் பிற்பாடு அம்மாநிலத்தின் எல்லை மாவட்டங்களாயின. காட்டுக்கோ அன்றும் இன்றும் இக்கோடுகள் தெரியா. ஆனைமலையிலிருந்து பழனிமலை வரைக்கும், ஏலமலை வரைக்கும் அது ஒரே மலைநாடு.

அம்மலைநாட்டின் உயர்ந்த முடி ஆனைமுடி. உயரம் 2,695 மீட்டர். அதன்மேல் ஏறியதாக நமக்குக் குறிப்புக் கிடைக்கும் முதல் ஏற்றம் 1862-இல் டக்ளஸ் ஹாமில்டன் என்னும் படைத்தலைவர் ஏறியது. அதே ஆண்டில்தான் சென்னையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே பேப்பூர் வரை இரயில் பாதை நிறைவுற்றது. கணவாய்க்குக் கீழே நீராவி வண்டி ஓடிய காலத்தில், மேலே மலையின் உச்சி இன்னும் படத்தில்கூடச் சரியாக ஏறாமல் இருந்தது. பெடோம் பணி செய்த காலத்தின் தன்மையை இதிலிருந்து உணரலாம்.

முதலில் அவர் உள்ளத்தைக் கவர்ந்தவை தாவரங்கள். தென்னிந்தியப் பெரணிகளைப் பற்றிய நூலை 1863-64-இல் வெளியிட்டார். 1869 முதல் 1873 வரை பகுதி பகுதியாக வெளிவந்த தென்னிந்தியக் காட்டு மரங்கள் பற்றிய பெருநூல் அவருக்கு நிலையான புகழைத் தந்தது. கோவிந்து என்ற நம் நாட்டு ஓவியர் வரைந்த படங்கள் அந்நூலுக்கு அணி செய்தன. அவர் பெயரிட்ட காசித்தும்பை இனம் ஒன்றின் அறிவியற் பெயரில் தங்கச்சி என்னும் தமிழ்ச்சொல் இன்றும் நின்று விளங்குகிறது. இலத்தீன் மொழிப் பெயர்களின் கூட்டத்திலே நம் வீட்டுச் சொல் ஒன்றைக் காண்பது மகிழ்ச்சி தருவதன்றோ!

மண்ணைக் கிளறியவர்

மரம் காண மேலே நோக்கியவர், பாம்பு காணக் கீழே நோக்கினார். விழுந்து மட்கிய மரங்களைப் புரட்டினார், கற்களைப் பெயர்த்தார், வேர்களுக்கிடையே மண்ணைக் கிளறினார். அங்கே ஊர்வனவற்றுள் ஒரு தனிக் குடும்பத்தையே கண்டார்.

நம் ஊர்களில் இவற்றை மண்ணுளி என்றும், இருதலைப் பாம்பு என்றும் பொதுப்படச் சொல்லிவிடுவார்கள். தலை கூம்பி, மண் கிளறும் ஆப்புப் போல் இருக்கும். வாலோ சீவிவிட்டது போல் சட்டென முடியும். பலவற்றில் அவ்வால் நுனியில் சொரசொரப்பான ஒரு தகடு உண்டு. அதனால் ஆராய்ச்சியாளர் இவற்றைக் கேடயவால் பாம்புகள் என்பர். பாம்பு வளைக்குள் நுழைந்ததும், மண் அப்பிய அத்தகடு பின்னால் கதவு போல் அடைத்துக்கொள்ளும். இவற்றுக்கு நஞ்சு கிடையாது. மனிதரைக் கடிப்பதும் இல்லை. உலகில் தென்னிந்திய மலைகளையும் இலங்கையையும் அவற்றைச் சூழ்ந்த பகுதிகளையும் தவிர வேறெங்கும் இக்குடும்பம் இல்லை. இன்று அறியப்பட்டுள்ள இனங்கள் ஏறத்தாழ அறுபது.

1863-இல் இலண்டன் விலங்கியல் கழகத்தின் இதழில் பெடோம் புதிய இனங்கள் சிலவற்றை விவரித்தார். பழனிமலையின் பெயர் தாங்கிய பாம்பு அவற்றுள் ஒன்று. 1867-இல் ஆனைமலையிலிருந்து இரத்தச் சிவப்பு வயிறுடைய ஒன்றையும், முக்கோட்டுப் பாம்பு ஒன்றையும் அறிவித்தார். 1877-இல் திண்டுக்கல்லின் பெயரில் சிறுமலைப் பாம்பு. 1878-இல் மதுரையின் பெயரில் ஒன்று. இப்படி அவர் பட்டியல் வளர்ந்தது. பல்லிகளையும் ஓணான்களையும் அவர் விடவில்லை. மூணாற்றுக்கு மேலே இரவிகுளத்துக் குளிரில் முள்முதுகோடு திரியும் ஆனைமலை ஓணானுக்கு 1878-இல் பெயரிட்டவரும் அவரே. இலண்டன் பொருட்காட்சிச் சாலையில் ஆல்பர்ட் குந்தர் என்ற பேரறிஞர் இருந்தார். பெடோம் அனுப்பியவற்றை அவர் ஆராய்ந்தார். 1864-இல் ஒரு பாம்புக்குப் பெடோமின் பெயரையே சூட்டினார். ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பிய பிறகும் பெடோமுக்கு மண்ணுளிகளை மறக்க இயலவில்லை. 1886-இல் இந்தியத் தீபகற்பத்துக்கும் இலங்கைக்கும் உரிய மண்பாம்புகள் அனைத்தையும் தொகுத்து ஒரு கட்டுரை எழுதினார். பிற்காலத்து ஆய்வாளருக்கு அது அடிப்படை நூலாயிற்று. 1911-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 23-ஆம் நாள் இலண்டனில் மறைந்தார்.

மூச்சும் செரிமானமும்

பெடோம் செதில்களை எண்ணினார், நிறத்தைக் குறித்தார், கிடைத்த மலையை எழுதினார். அவர் காலத்து அறிவியல் அவ்வளவே கேட்டது. இப்பாம்பு மண்ணுக்குள் எப்படி மூச்சு விடுகிறது, எப்படிச் செரிக்கிறது என்ற வினாக்களுக்கு விடை பின்வந்தோரிடமிருந்து வந்தது. அவ்விடைகளைத் தெரிந்துகொண்டால்தான் பெடோம் திரட்டிய செல்வத்தின் அருமை புலனாகும்.

பெரும்பாலான பாம்புகளுக்கு வலப்புற நுரையீரல் நீண்டிருக்கும். இடப்புறத்தது சிறுத்தோ அற்றோ போயிருக்கும். நீண்டு ஒடுங்கிய உடலுக்குள் இரண்டுக்கு இடமில்லை. நம்மைப்போல் வயிற்றையும் மார்பையும் பிரிக்கும் தசைத்திரையும் அவற்றுக்கு இல்லை. விலா எலும்புகளை அசைத்தே காற்றை உள்ளே இழுக்க வேண்டும். மண்ணுக்குள் தலையை முட்டி வழி செய்யும் பாம்புக்கோ உடலின் முன்பகுதியே உழைப்பாளி. முதுகெலும்பு தோலுக்குள்ளேயே நெளிந்து மடிந்து முன்னுடலைத் தடிப்பாக்கி, வளையின் சுவரில் ஊன்றிக்கொள்ளும். பிறகு தலை முன்னே பாயும். ஒரு விரற்கடை வழிக்கு இத்தனை பாடு.

1978-இல் கார்ல் கான்ஸ் என்ற அமெரிக்க அறிஞரும் அவர் தோழர்களும் இப்பாம்புகளின் தசையை ஆராய்ந்தார்கள். உடலின் முன்பகுதித் தசை செக்கச் சிவந்திருந்தது. பின்பகுதித் தசை வெளுத்திருந்தது. சிவப்புக்குக் காரணம், உயிர்வளியைப் பிடித்துச் சேமிக்கும் புரதம். அத்தசை நெடுநேரம் சலியாமல் உழைக்கவல்லது. முன்னே எந்திரம் இழுக்க, பின்னே பெட்டிகள் தொடரும் சரக்கு இரயிலுக்கு இவ்வுடலை அவர்கள் ஒப்பிட்டார்கள். பாலக்காட்டுக் கணவாயில் ஓடும் வண்டிக்கும், அதன் மேலே மலையின் மண்ணுக்குள் ஓடும் வண்டிக்கும் இப்படி ஓர் உறவு!

இனி உணவு. மண்ணுளியின் வாய் சிறிது. எலியையோ பறவையையோ விழுங்க முடியாது. மண்புழுவே அதன் அன்னம். மயிரும் எலும்பும் இல்லாத மெல்லிய உணவு. சிறிது சிறிதாக உண்ணலாம். ஆனால் செரிமானத்துக்கு வெப்பம் வேண்டும். நம் உடல் தானே சூடு தரும். ஊர்வனவோ சுற்றுப்புறத்திலிருந்து கடன் வாங்க வேண்டும். ஆனைமலை ஓணான் வெயிலில் காய்ந்து அக்கடனைப் பெறுகிறது. மண்ணுளிக்கு வெயிலும் இல்லை. எனவே அதன் வாழ்க்கையே மெல்ல நடக்கும் வாழ்க்கை. குளிர் மண்ணுக்கு ஏற்ப அதன் உடல் அமைந்துவிட்டபடியால், சமவெளியின் சூடு அதற்கு நஞ்சாகிறது. முட்டையை மண்ணில் விட்டுச் செல்லாமல், வயிற்றிலேயே வளர்த்துச் சில குட்டிகளை ஈனுகிறது. குளிர் மண்ணில் முட்டை தனித்துக் கிடப்பதைவிடத் தாயின் உடலுக்குள் கரு பாதுகாப்பாக வளர்கிறது.

இதற்கு நேர்மாறு, அதே மலையின் அடிவாரத்தில் வாழும் மலைப்பாம்பு. குட்டியாக இருக்கையில் எலி முதலிய சிற்றுயிர்களை உண்ணும். வளர வளர மான்குட்டி, பன்றிக்குட்டி என்று இரையும் வளரும். பல வாரம் பட்டினி கிடக்கும். ஒரே நாளில் பெருவிருந்து உண்ணும். பட்டினிக் காலத்தில் குடல் சுருங்கிக் கிடக்கும். இரை உள்ளே போனதும் ஓரிரு நாளில் குடலும் கல்லீரலும் பருக்கும். உயிர்வளிச் செலவு பன்மடங்காகும். இதன் நெருங்கிய உறவான பர்மிய மலைப்பாம்பில் செய்த ஆராய்ச்சியில், உண்ட இரண்டு நாளில் இதயத்தின் கீழறை நாற்பது விழுக்காடு பருத்ததை 2005-இல் கண்டறிந்தனர். செரித்து முடிந்தால் எல்லாம் பழைய அளவுக்குத் திரும்பும். அவ்வளவு பெரிய இரை உள்ளே அமுக்குகையில் மூச்சு நிற்காதோ என்று கேட்கலாம். விழுங்கும்போது மூச்சுக்குழலின் வாயை முன்னே நீட்டிக்கொள்ளும் திறன் பாம்புகளுக்கு உண்டு. மேலும், அமெரிக்கப் போவா பாம்பை ஆராய்ந்தோர் 2022-இல் வேறொன்றும் கண்டனர். இரையை இறுக்கும்போது உடலின் முன்பகுதி நெருக்குண்டால், அது பின்பகுதி விலா எலும்புகளை அசைத்து மூச்சு விடுகிறது.

உடும்பின் கதை மற்றொரு வகை. பக்கவாட்டில் நெளிந்து ஓடும் பல்லியினம், ஓடும்போது தடையின்றி மூச்சிழுக்க இயலாது. இரு வேலைக்கும் விலாத்தசையே வேண்டும். உடும்போ தொண்டையைத் துருத்தி போல் விரித்துச் சுருக்கிக் காற்றை நுரையீரலுக்குள் தள்ளுகிறது. இதை 1999-இல் ஆய்வாளர் நிறுவினர். பறம்பிக்குளம் நீர்த்தேக்கத்திலும் அமராவதியிலும் கிடக்கும் முதலை நீருக்கடியில் நெடுநேரம் மூச்சடக்கும்; குஞ்சாக இருக்கையில் பூச்சிகளையும், வளர்ந்தபின் மீனையும் பெரிய உயிர்களையும் தின்னும். மறையூருக்குக் கிழக்கே மழைமறைவுப் பகுதியான சின்னாற்று முட்காட்டில் நட்சத்திர ஆமை புல்லையும் இலையையும் மென்று, நுண்ணுயிர்களின் துணையால் மெதுவாகச் செரிக்கிறது. அதன் விலா எலும்புகள் ஓட்டோடு ஒட்டிவிட்டன. ஆகவே கால்களுக்கு அருகிலுள்ள தசைகளை இயக்கி மூச்சு விடுகிறது. பாலக்காட்டிலிருந்து இடுக்கி எல்லை வரை ஒரு நாள் பயணம் செய்தால், மூச்சு என்ற ஒரே வினாவுக்கு இயற்கை எழுதிய இத்தனை விடைகளையும் கடந்துவிடுகிறோம்!

புகழும் குறையும்

பெடோமைப் போற்றும்போது அவர் காலத்தின் குறைகளையும் மறைக்கலாகாது. அவர் தலைமை தாங்கிய துறை, காட்டைக் காப்பதற்கெனத் தோன்றியது. ஆயினும் அக்காப்பின் நோக்கம் மரம் குறையாமல் கிடைப்பது. காட்டை வீடாகக் கொண்ட காடர், மலசர், முதுவர் ஆகியோரின் உரிமை சுருங்கத் தொடங்கியதும் அக்காலத்தில்தான். அவர்களின் துணையின்றி அந்நாளில் அந்த மலைகளில் வழி காண்பது அரிது. எந்தக் கட்டைக்கு அடியில் எந்த உயிர் இருக்கும் என்பதை அவர்கள் அறிவார்கள். அறிஞர்களின் பெயரைத் தாங்கிய பாம்புகள் பல; ஊர்களின் பெயரைத் தாங்கியவையும் பல; வழிகாட்டிய மலைமக்களின் பெயரைத் தாங்கிய பாம்பு அக்காலப் பட்டியலில் இல்லை.

மற்றொரு குறை அறிவியலைச் சார்ந்தது. பாம்பு கிடைத்த இடத்தை ஆனைமலை என்றோ, மதுரை மலை என்றோ பொதுவாக எழுதிவிடும் வழக்கம் அன்று இருந்தது. எந்தச் சோலை, எத்தனை அடி உயரம் என்ற விவரம் பல இடங்களில் இல்லை. அதனால் அவர் கண்ட பாம்பு எது, இன்று நாம் காண்பது எது என்று ஒப்பிட ஆய்வாளர் இன்றும் உழைக்கின்றனர். 1877-இல் பூஞ்சாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகள் ஐரோப்பியர் கைக்கு வந்தன. சோலைகளின் இடத்தில் தேயிலை பரவியது. பெடோம் நடந்த சோலைகளுள் சில இன்று பெயரளவிலேயே உள்ளன.

ஆயினும் வேலை முடிந்துவிடவில்லை. கோவைக்கு மேற்கே, அட்டப்பாடியை ஒட்டிய ஆனைகட்டியில் கிடைத்த ஒரு கேடயவால் பாம்பு 2018-இல் புதிய இனமாக அறிவிக்கப்பட்டது. அங்கே பணியாற்றி மறைந்த ஊர்வன ஆராய்ச்சியாளர் பூபதியின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. பெடோம் இறந்து ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, நம்மவர் ஒருவரின் பெயர் அப்பட்டியலில் இடம்பெற்றது.

இப்பாம்புகளுக்கு இன்று வந்துள்ள இடர் பெரிது. மழைநாளில் மண்ணை விட்டு வெளியே வருபவை மலைச்சாலைகளில் வண்டிச் சக்கரத்தில் நசுங்குகின்றன. நச்சுப்பாம்பென்று எண்ணி அடிப்போரும் உண்டு. இருதலைப் பாம்பு செல்வம் தரும் என்ற மூடநம்பிக்கையால் மண்ணுளிகளைப் பிடித்து விற்க முனைவோரும் உண்டு; அது சட்டப்படி குற்றம். எல்லாவற்றுக்கும் மேலாக, மலை மெல்ல மெல்லச் சூடேறுகிறது. சமவெளி உயிர் சூடு மிகுந்தால் மலைக்கு ஏறலாம். உச்சியில் வாழும் உயிர் எங்கே ஏறும்?

சட்டம் படிக்க விரும்பாமல் வந்த ஓர் இளைஞர், அரசாங்கப் பணியின் நடுவே, ஒருவரும் பொருட்படுத்தாத மண்புழு தின்னும் பாம்புகளை முப்பது ஆண்டுகள் விடாமல் நோக்கினார். பெரிய ஆய்வுக்கூடம் அவருக்கு இருந்ததில்லை. இருந்தவை பொறுமையும் நாட்குறிப்பும் நடக்கும் கால்களும். நமக்கோ அவற்றோடு நூலகமும் ஆசிரியர்களும் கருவிகளும் உண்டு. அம்மலைகளில் வாழ்வோரின் மொழியும் நம் மொழிக்கு உறவு. விடுமுறையில் வால்பாறைக்கோ நெல்லியாம்பதிக்கோ மூணாற்றுக்கோ செல்லும் நண்பர்கள், மழைக்குப் பின் சாலையோரத்தில் ஒரு மண்ணுளியைக் கண்டால், அதைக் கையில் எடுக்க வேண்டாம், கொல்லவும் வேண்டாம். அது கடந்து செல்லும்வரை வண்டியை நிறுத்துங்கள். நாளையும், நேரத்தையும், இடத்தையும் துல்லியமாகக் குறித்து வையுங்கள். பெடோம் எழுதாமல் விட்ட இடம் அதுவே. அதை நிரப்பும் கடமை நம்முடையது.